அப்பாவின் குரலைப் பதிவு செய்த நாட்கள்

கண்ணு,

உன்னை வண்டி ஏற்றிவிட பஸ் ஸ்டாண்டுக்கு வந்த அன்று, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு நீ என்னை ஒரு கேள்வி கேட்டாய். "ஏம்மா, காது கேக்கலைன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு உனக்குத் தோணவே இல்லையா?" உன் உதடு அசைவதைப் பார்த்துத்தான் எனக்குக் கேள்வியே புரிந்தது. பதில் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. நகராமல் நின்றிருந்தாலும் நான் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன் என்பது உனக்கும் தெரியும். போனில் சொல்லலாம் என்றால், போனில் நீ பேசுவதில் பாதி எனக்கு வந்து சேருவதில்லை. "ம், ம்" என்று சொல்லி வைத்துவிட்டு, அப்புறம் சமையற்கட்டில் நின்று, அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன். வேலை முடிந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து படி. கோபம் இருந்தால் படித்து முடித்தபிறகு கோபித்துக்கொள்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்த ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, கட்டி இருக்கும் இடம் சரியில்லை, குரல்வளையையே எடுத்துவிடுவதுதான் உயிருக்குப் பாதுகாப்பு என்று சொன்னபோது, உன் அப்பா கேட்ட முதல் கேள்வி உனக்கு நினைவிருக்கும். "அப்ப பேச்சுங்க?" என்றார். அந்த டாக்டர் நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. வெளியே வந்து மரத்தடியில் நிற்கும்போது நீதான் சொன்னாய், ஆபரேஷனுக்கு முன்னால் குரலைப் பதிவு செய்து கொடுத்தால், பிறகு அப்பா எழுத்தை அடிக்க அடிக்க அவர் குரலிலேயே கம்ப்யூட்டர் பேசும்படி செய்யலாம், உன் ஆபீஸில் அந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று. அவருக்கு அது பிடிக்கவில்லை. "செத்தவங்க போட்டோவுக்கு மாலை போடற மாதிரியல்ல இருக்குது. நான் இன்னும் இருக்கறன் சாமி," என்றார். நீ அழுதுவிட்டாய். நீ அழுதால் அவருக்குத் தாங்காது. "செரி செரி, என்னத்தைப் படிக்கோணுமோ கொண்டா, படிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, டீ குடிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். குரல் அப்போதே கொஞ்சம் கரகரத்திருந்தது, அவ்வளவுதான். டீயை விழுங்கத்தான் சிரமப்பட்டார்.

நீ மைக்கோடும் லேப்டாப்போடும் வந்து இறங்கிய சனிக்கிழமையில் நம் வீடு பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சாமான் போடும் அறைதான் வசதி என்று நீ முடிவு செய்தாய். சுவரில் பட்டுக் குரல் திரும்பி வராமல் இருக்க, சுற்றிலும் தடித்த துணி வேண்டும் என்றாய். நம் ஊரில் துணிக்கா பஞ்சம்? அப்பாவின் கம்பெனியில் ஓரமாகக் கிடந்த, குளிர்காலச் சட்டைக்குப் பின்னிய துணியில் குறை என்று கழித்த ரோல்களை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து, மூன்று சுவருக்கும் ஆள் உயரத்துக்கு அடுக்கினோம். ஜன்னலையும் அதிலேயே மூடினோம். உள்ளே நின்று பேசினால், பேச்சு வாயை விட்டு வெளியே வந்ததும் அங்கேயே விழுந்துவிடுவது போல இருந்தது. 'ப' வரும் இடங்களில் மூச்சு போய் மைக்கில் முட்டுகிறது என்று, என் எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய பனியன் துணியை இழுத்து மாட்டி மைக்குக்கு முன்னால் நிறுத்தினாய். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் இருக்க வேண்டும். லேப்டாப்புக்கு உள்ளே இருக்கும் காற்றாடி சத்தம் போடும், அதனால் அதைத் தூர வைத்துக் கீழே போர்வை மடித்துப் போட வேண்டும். மேலே ஃபேன் கூடாது, பிரிட்ஜை அணைக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் பேசத் தொடங்குவதற்கு முன் கொஞ்ச நேரம் மூச்சுவிடாமல் சும்மா இருந்து, அந்த வெறும் அமைதியையும் பதிய வேண்டும். அவர் படிக்க வேண்டிய வரிகள் அச்சடித்த தாள்களையும் கொடுத்து, இதையெல்லாம் என்னிடம்தான் சொன்னாய். "அப்பாவுக்குப் பொறுமை பத்தாது, நீதான் பாத்துக்கோணும்" என்று சொல்லிவிட்டு லீவு முடிந்து போய்விட்டாய்.

முதல் நாளே தகராறு. அவர் வாயைத் திறந்ததும் திரையில் சத்தத்தின் அளவைக் காட்டும் கோடு பச்சையில் நிற்காமல் சிவப்பில் போய் முட்டியது. கேட்டால் உடைந்த ஒலிபெருக்கி போலக் கரகரவென்று இருந்தது. சத்தத்தைக் குறைக்கும் பொத்தானை எவ்வளவு திருப்பியும் அடங்கவில்லை. மைக்கின் மேல் தப்பில்லை கண்ணு. நிட்டிங் மிஷின்கள் வரிசையாக ஓடும் இடத்தில் மாஸ்டராக இருந்தவர், இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்கு நூல் அறுந்ததைச் சொல்ல வேண்டியவர், எப்படிப் பேசுவார்? அதே கூடத்தின் மூலையில் துணியை வெளிச்சத்தில் ஓடவிட்டு மிஷின் ஊசி பின்னாமல் விட்ட கோடு எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு என்றால் கத்தல்தான். வீட்டுக்கு வந்தால் மட்டும் அது எங்கே போகும்? சின்ன வயதில் நீ பள்ளிக்கூடத்தில், "எங்க ஊட்டுல யாரும் சண்டை போடலைங்க மிஸ், அவங்க பேசறதே அப்படித்தான்" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தவள்தானே.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க," என்றேன். "மெதுவாத்தான் பேசறேன் புள்ள!" என்று கத்தினார். இப்படியே அரை நாள் போனது. கடைசியில் எனக்கு ஒன்று தோன்றியது. "ஏனுங்க, முதலாளி ரூமுக்குள்ள போனா எப்படிப் பேசுவீங்க? அப்படிப் பேசுங்க," என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சட்டையைச் சரிசெய்துகொண்டு, நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்து, முதல் வரியைப் படித்தார். பச்சையிலேயே நின்றது. அப்படி ஒரு தணிந்த குரல் அவரிடம் இருக்கிறது என்பதை அந்த அறைக்குள்தான் முதன்முதலாக அறிந்தேன். அதுவரை பதிந்த கத்தலையெல்லாம் ஒன்று விடாமல் அழித்தேன். உன்னிடம் நல்ல பெயர் வாங்க வேண்டுமே, அழித்தவை போய்ச் சேரும் குப்பைத்தொட்டியையும் திறந்து காலி செய்தேன்.

அந்த வாரம் முழுக்க, கீழ்வீட்டுத் தையல் பட்டறையில், அந்தப் பவர் டேபிளில், மிஷின்கள் நிற்கும் சாப்பாட்டு நேரம் பார்த்துப் பார்த்துப் பதிந்தோம். ஒவ்வொன்றையும் நான் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். சுத்தமாக இருந்தது. பெருமையோடு அனுப்பி வைத்தேன். நீ மறுநாள் அழைத்து, "அம்மா, எல்லாத்துலயும் கீச்சுனு ஒரு சத்தம் ஓடிட்டே இருக்குது. ஒண்ணும் உபயோகப்படாதும்மா, திரும்ப எடுக்கோணும்," என்றாய். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊரையே கட்டிப்போட்டு எடுத்ததை ஒரே வார்த்தையில் தள்ளுகிறாளே, உன் ஹெட்போன்தான் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். "நல்லாக் கேட்டுப் பாரும்மா, கேக்கலையா?" என்று நீ திரும்பக் கேட்டபோது, "ஆமா, லேசாக் கேக்குது," என்று சொன்னேன். அது பொய். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

போனை வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவர் காதில் மாட்டிக் கேட்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார். "உனக்குக் கேக்குதா?" என்றார். "உங்களுக்குங்க?" என்றேன். அவர் ஹெட்போனைக் கழற்றி என் மடியில் வைத்தார். நான் மாட்டினேன், அவர் மாட்டினார், திரும்ப நான் மாட்டினேன். இரண்டு பேரும் அடுத்தவர் "கேக்குது" என்று சொல்லமாட்டாரா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். மிஷின் கூடத்தில் இத்தனை வருடம் நின்றதில் எங்கள் இரண்டு பேருக்கும் அந்த மெல்லிய சத்தங்கள் மொத்தமாகப் போய்விட்டன என்பது அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தபோதுதான் விளங்கியது. எனக்குக் கவலை வந்தது. என் காதை நினைத்து இல்லை. அட்மிஷனுக்கு அடுத்த வாரம் நாள் குறித்திருக்கிறது, என்ன சத்தம் என்றே தெரியாமல் எதை நிறுத்துவது? கேட்காத ஒன்றை வைத்துக்கொண்டு உன் அப்பாவின் குரலைக் கோட்டை விடப் போகிறேனே என்று பயந்துவிட்டேன்.

அப்புறம் யோசித்தேன். எனக்குக் காது எப்படியோ போகட்டும், கண் இருக்கிறது. அந்த வெறும் அமைதியைப் பதிந்தோமே, அதைத் திரையில் பெரிதாக இழுத்துப் பார்த்தேன். சத்தமே இல்லாத இடம் என்றால் கோடு நூல் மாதிரி மெல்லிசாக ஓட வேண்டும் என்று நீ ஒருமுறை காட்டியிருந்தாய். இது தேய்ந்த துணியில் பஞ்சு எழும்பியது போலச் சொரசொரவென்று இருந்தது. சரி என்று வீட்டில் ஒவ்வொன்றாக அணைத்தேன். ஒன்றை அணைத்து, கொஞ்சம் பதிந்து, கோட்டைப் பார்ப்பேன். மாறவில்லை என்றால் அடுத்ததை அணைப்பேன். இன்வெர்ட்டரை அணைத்தேன், வாசல் லைட்டை அணைத்தேன், லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினேன். கோடு அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால், இருட்டு அறையில் அப்பா படிக்க வசதியாக இருக்கட்டும் என்று நானே ஆசையாக வாங்கி மைக்குக்குப் பக்கத்தில் வைத்த மேஜை விளக்கு. அதை அணைத்ததும் கோடு நூலாக இறங்கியது. நம் கைங்கரியம்தான், வேறு யாரைத் திட்டுவது? அன்றிலிருந்து பேட்டரி டார்ச்சை நான் கையில் பிடித்துக்கொண்டு தாளின் மேல் வெளிச்சம் அடிப்பேன், அவர் படிப்பார்.

சாப்பாட்டு நேரம் மட்டும் இனிப் போதாது. கீழே இறங்கிப் போய், பவர் டேபிள் நடத்தும் திருநெல்வேலிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஷிப்மென்ட் நெருக்கடியில் ஞாயிற்றுக்கிழமைகூட ஓட்டிக்கொண்டிருந்தார் பாவம். கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணாச்சி குரலுக்கா, அக்கா? நீங்க எப்ப வேணும்னு சொல்லுங்க, டீ டைமை அதுக்குத் தக்கன மாத்தி வச்சிக்கிடுதேன். நாங்க ராத்திரி சேர்த்துத் தச்சுக்கிடுதோம்," என்றார். காலையும் சாயங்காலமும் அவர் நிறுத்தினார். மிஷின் நின்றதும் தரையின் அதிர்வு அடங்குவது முதலில் எங்கள் பாதத்துக்குத் தெரியும். உடனே கதவைச் சாத்திக்கொண்டு தொடங்கிவிடுவோம். உள்ளே ஃபேன் இல்லாமல், சுற்றிலும் குளிர்காலத் துணி, இரண்டு பேருக்கும் வேர்வை ஊற்றும். அவருக்கு ஒவ்வொரு வரிக்கும் இடையில் எச்சில் விழுங்க நேரம் வேண்டும். நான் அவசரப்படுத்தவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கடைசித் தாள் முடிந்தது. "அவ்வளவுதானா?" என்றார். "அவ்வளவுதானுங்க," என்றேன். வேறு எதுவும் அவர் மைக்கில் சொல்லவில்லை. எழுந்து ரோல்களை ஒவ்வொன்றாக நகர்த்தி ஜன்னலைத் திறந்துவிட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கழுத்தில் மூச்சுக்கு வழி வைத்தார்கள், தையல் பிரித்தார்கள், இதெல்லாம் நீ கூடவே இருந்து பார்த்தது. குரல் தயாராகி வந்த அன்று நீ டேப்லெட்டை அப்பா கையில் கொடுத்தாய். அவர் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஏதோ எழுதி அழுத்தினார். அது பேசியது. நீ வாயைப் பொத்திக்கொண்டு அழுதாய். நானும் சிரித்துத் தலையாட்டினேன். அது என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாது கண்ணு. ஏதோ ஓசை வந்தது, அவர் ஓசைதான், அதில் சொல் ஒன்றும் பிரியவில்லை. நீ அழுததைப் பார்த்து நல்ல வார்த்தைதான் என்று புரிந்துகொண்டேன். அப்பா உன்னைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டொரு நாளில் குட்டு உடைந்துவிட்டது. அவர் ஒன்று கேட்பார், நான் வேறொன்றை எடுத்துக்கொண்டு போய் நிற்பேன். திரும்ப அழுத்துவார். முன்பெல்லாம் "என்னங்க?" என்று கேட்டால் அவர் குரல் ஒரு படி ஏறும், அப்புறமும் விளங்கவில்லை என்றால் இன்னொரு படி ஏறும். இப்போது எத்தனை முறை அழுத்தினாலும் அதே தணிந்த குரல், முதலாளி ரூம் குரல். டேப்லெட்டில் சத்தத்தை ஏற்றினால் இரைச்சல்தான் கூடியது. ஒருநாள் அவர் அதை மெத்தையில் எறிந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் மிஷினுக்காக மட்டும் கத்திக்கொண்டிருக்கவில்லை. வீட்டுக்குள் எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் கத்தியிருக்கிறார். என் காது போய்க்கொண்டிருப்பது எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் பாட்டுக்குக் குரலை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். எனக்குக் கேட்கும் அந்த ஒரே குரலைத்தான் சிவப்புக்கோடு என்று சொல்லி நான் என் கையாலேயே அழித்தேன். அன்று நான் மொட்டைமாடிக்குப் போய் அழுதேன். துணி எடுக்க வந்த நீ என்னைப் பின்னால் நின்று கூப்பிட்டிருக்கிறாய், ஒருமுறை இல்லை, பலமுறை. நான் திரும்பவில்லை. அப்படித்தான் உனக்கும் தெரிந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். முதலில், எனக்கே சரியாகத் தெரியாது. நம் கம்பெனியில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம், எல்லோரும் பாதியை ஊகித்துக்கொள்வோம், அதனால் அது ஒரு குறையாகவே படவில்லை. தெரிந்தபிறகு வெட்கமாக இருந்தது. அவருக்குக் குரலே போகப் போகிறது, இந்த நேரத்தில் என் காதைத் தூக்கிக்கொண்டு எங்கே வருவது என்றும் இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு நோயாளிகள் என்றால் நீ வேலையை விட்டுவிட்டு வந்து நின்றுவிடுவாயோ என்ற பயமும்தான். இதெல்லாம் காரணம், நியாயம் இல்லை. உனக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. புரியாத இடத்தில் தலையாட்டாதே கண்ணு. மாமியார் வீட்டில் ஆகட்டும், ஆபீஸில் ஆகட்டும், கட்டியவனிடம் ஆகட்டும், "எனக்கு விளங்கலை, திரும்பச் சொல்லுங்க" என்று கேட்டுவிடு. நான் தலையாட்டித் தலையாட்டியே எத்தனை பேச்சை இழந்தேன் என்று எனக்கே கணக்கில்லை. உன் அப்பா எனக்கு என்னவெல்லாம் சொல்லியிருப்பாரோ. இன்னொன்று, நாள் முழுக்கக் காதில் அந்தக் குமிழைச் செருகிக்கொண்டு பாட்டு கேட்கிறாயே, அதன் சத்தத்தைக் குறைத்து வை. நான் திட்டுகிறேன் என்று நினைக்காதே, கெஞ்சுகிறேன் என்று வைத்துக்கொள்.

நேற்று காது டாக்டரிடம் போனோம். நான் தனியாகப் போகிறேன் என்றேன், அப்பா கேட்கவில்லை, கழுத்துக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு கூடவே வந்துவிட்டார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துப் பரீட்சை எல்லாம் செய்தார்கள். எனக்கான காது மிஷின் வர இன்னும் சில நாள் ஆகும், இப்போதைக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று அங்கே பரீட்சை செய்த பெண் ஒன்றை எடுத்து என் காதில் பொருத்தி ஏதேதோ திருகினாள். திடீரென்று அவள் வளையல் சத்தம் கேட்டது, காகிதம் திருப்பும் சத்தம் கேட்டது, எனக்குத் தலை சுற்றியது. அவள் அப்பாவைப் பார்த்து, "நீங்க ஏதாவது பேசுங்க சார், அம்மாவுக்குக் கேக்குதான்னு பாப்போம்," என்றாள். சொன்னபிறகுதான் அவர் கழுத்தைப் பார்த்தாள். பாவம், அவள் முகம் சுருங்கிப்போய்விட்டது. "பரவாயில்லீங்க," என்பது போல அப்பா கையைக் காட்டிவிட்டு, பையிலிருந்து டேப்லெட்டை எடுத்தார். ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார். ரொம்ப நேரம் ஆனது. ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று நினைத்து, இத்தனை நாள் பேசாமல் வைத்திருந்தது எல்லாம் வரப்போகிறது என்று நினைத்து, நான் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அவர் அழுத்தினார். "காதுல வலிக்குதா சாமி?" என்றது.

ஒரு எழுத்து விடாமல் கேட்டது கண்ணு. அந்தக் கரகரப்பு, 'சாமி'யில் குரல் இறங்குவது, எல்லாம் கேட்டது. கழுத்தை அறுத்துக்கொண்டு வந்த மனிதர் என்னைப் பார்த்துக் கேட்கிறார். "இல்லீங்க," என்றேன். கத்தாமல்தான் சொன்னேன்.

உன் அம்மா